கண் வெளுக்க நிறுத்திய மாத்திரை

"நோயாளியின் அலட்சியம்" என்று எழுதியிருந்தது.

கோப்பு எனக்குத் தலைகீழாகத்தான் கிடந்தது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக உட்கார்ந்தவனுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு தடையே அல்ல. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஆய்வுப் பிரிவின் முன்னறையில், பதிவு எழுத்தர் கோப்பை விரித்து வைத்துவிட்டுக் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி முடிப்பதற்குள் நான் படித்து முடித்துவிட்டேன். "சோதனைச் சிகிச்சையில் சேர்க்கத் தகுதியில்லை. மருந்தில் நான்கு இடைவெளிகள். காரணம்: நோயாளியின் அலட்சியம்."

நோயாளி என் தம்பி. பக்கத்து நாற்காலியில், கைகளை முழங்கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதை யார் எழுதினது?" என்றேன்.

எழுத்தர் கோப்பைப் பட்டென்று மூடினார். "ஐயா, அதெல்லாம் நீங்க படிக்கக் கூடாது."

"விரிச்சு வெச்சது நீங்க. எழுதினது யாருன்னு கேக்கறேன்."

"டாக்டரம்மா. இன்னைக்கு அவங்க வார்டுல இருக்காங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க."

"எங்க வீட்டுல பிறந்தவன் எவனும் எதையும் அலட்சியமா செஞ்சது கிடையாது. இவன் இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா வேலை பார்த்தவன். இவன் அலட்சியமா இருந்திருந்தா எத்தனை பேர் விழுந்து செத்திருப்பாங்க தெரியுமா உமக்கு?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தம்பி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். "அண்ணே, போதும். இது கோர்ட்டு இல்லை."

"கோர்ட்டா இருந்தா இப்படி எழுத விட்டிருப்பேனா?"

என்னை அவன்தான் வெளியே கூட்டிவந்தான். லிஃப்டில் பழுது என்று அட்டை தொங்கியது. அவன் கதவில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டான். "மோட்டார்ல ஒண்ணுமில்லை. கதவு சரியா மூடல, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷ வேலை" என்றான். பிறகு படியில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினான். ஐம்பத்து மூன்று வயது. கட்டடங்களின் வயிற்றுக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவன்.

என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இந்த வாக்கியத்தை இவ்வளவு சுருக்கமாக எழுத எனக்கு எட்டு வருடம் பிடித்தது. எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், தெரிந்துகொண்டு என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை. அவன் மனைவிக்கு இல்லை. பரிசோதித்துப் பார்த்தாயிற்று. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, அவள் மாமியார் வீட்டுக்கும் தெரியாது. தம்பிக்கு அடிக்கடி மலேரியா வருகிறது என்று உறவினர் எல்லோருக்கும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது கைவசம் உள்ள எந்த மருந்துக்கும் அவன் ரத்தத்தில் இருக்கும் கிருமி மசியவில்லை. வெளிநாடுகளில் புதிய மருந்துகள் இருக்கின்றனவாம். இங்கே வந்து சேரவில்லையாம். எப்போது வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்த கதவு இந்தச் சோதனை ஒன்றுதான். மலேரியாவுக்குத் தலைமுறைகளாகக் கொடுத்துவரும் பழைய மாத்திரை ஒன்றை எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பியில் அது கிருமியை அடக்கியிருக்கிறது. மனித உடம்பிலும் அடக்குமா என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் முன்பு முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொசுக்கடிக்குக் கொடுப்பதை என் தம்பிக்குக் கொடுப்பதா! தம்பிதான் சிரித்தான். "ஊருக்கெல்லாம் மலேரியான்னு சொல்லி வெச்சீங்க. இப்போ மாத்திரையாவது உண்மையாகட்டுமே, அண்ணே."

அந்தக் கதவைத்தான் இரண்டு சொற்களை எழுதி மூடியிருந்தார்கள்.

முதல் மாடித் திருப்பத்தில் அவன் நின்றபோது சொன்னான். "அவங்க மேல தப்பு இல்லை, அண்ணே. 'மறந்துட்டேன்'னு நாலு தடவையும் நான்தான் சொன்னேன். நான் சொன்னதைத்தான் அவங்க எழுதிக்கிட்டாங்க."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

அந்த நான்கு இடைவெளிகளும் எனக்கு நினைவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாக நினைவிருந்தது. ஆனால் அவற்றை நான் வேறு இனத்தில் வைத்திருந்தேன். அவை குடும்பக் காரியம். அலட்சியம் என்பது வேறு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வருடம் அவனுக்கு மருந்தை மாற்றினார்கள். புதிய மாத்திரைகளில் ஒன்று கண்ணை மஞ்சளாக்கியது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அப்படி இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் பார்ப்பதுதானே பிரச்சினை! மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மஞ்சள் கண்ணோடு அப்பன் எதிரில் உட்கார்ந்தால் என்ன நோய் என்று கேட்க மாட்டார்களா? பதினைந்து நாள் முன்பே மாத்திரை டப்பாக்களை எடுத்து என் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். கண்ணை மஞ்சளாக்குவது எது என்று எனக்குத் தெரியாததால் மூன்று டப்பாவையும் எடுத்தேன். அவன் கண் வெளுத்தது. கல்யாணம் பேசி முடிந்தது. பிறகு நிச்சயத்துக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை, பேரன் பிறந்து சம்பந்தி வீட்டில் போய்த் தங்கியபோது ஒருமுறை.

முதல் தடவை மட்டும் அவன் கேட்டான். "ஒருநாள்கூட விடக் கூடாதுன்னாங்களே, அண்ணே?" பதினைந்து நாளில் ஒன்றும் முழுகிப்போகாது என்றேன்.

முழுகிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். கீழே நான், மேலே அவர்கள். என் மனைவி இறந்ததிலிருந்து அப்படித்தான். தம்பி மனைவி மாடிக் கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருந்தாள். கோப்பில் இருந்ததைச் சொன்னேன். நாளைக்கு அந்த டாக்டரை உண்டு இல்லை என்று பார்த்துவிடப்போகிறேன் என்றும் சொன்னேன்.

மிஷின் நின்றது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"என்னன்னு கேக்கப் போறீங்க, மாமா?"

"அலட்சியம்னு எப்படி எழுதலாம்னு கேப்பேன்."

"கேளுங்க. வாஸ்தவம்தானே! அலட்சியமா யாரும் செய்யலையே. பீரோவைப் பூட்டி, கைப்பிடியை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்புல சொருகிட்டுப் போனீங்களே, அதுக்குப் பேர் அலட்சியமா? எவ்வளவு அக்கறை!"

"நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் பேசறேன். மூணு வருஷமா தெரியாத மாதிரி இருந்துட்டேன். அவர் மறந்தாரா? நாலு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, எனக்கு முன்னாடி மாத்திரையை முழுங்கினவர். பீரோவுக்கு உள்ள இருக்கற மாத்திரையை எப்படி முழுங்குவார்?"

"மக கல்யாணம் நடந்துச்சா இல்லையா? அன்னைக்கு நீயும் பேசாமத்தானே இருந்தே?"

"பேசினேன். 'பொம்பளை குறுக்கே பேசாதே'ன்னீங்க. அதையும் மறந்துட்டேன்னு எழுதிக்கச் சொல்லவா?"

உள்ளே படுத்திருந்தவன், "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க, நான் இன்னும் இருக்கேன்" என்றான்.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். என் வீட்டில், என் எதிரில், அவள் இப்படிப் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இங்குமங்கும் நடந்தேன். அவள் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம். நடக்க நடக்க இரண்டும் நழுவிப்போய் வேறொன்று நின்றது. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ பொய்ச்சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஏறி யாருக்காகவோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்பவனை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அவனைப் பார்த்து மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். அவனுக்குப் பின்னால், கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து இன்னும் அதிகமாக. என் தம்பி எனக்காக நான்கு முறை பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறான். கடைசி வரிசையில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்து எழுதினேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தனியாகப் போனேன். டாக்டருக்கு என் தம்பி மகள் வயதுதான் இருக்கும். மேசையில் காகிதங்கள், ஒரு தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"நேத்து எங்க கிளார்க்கை மிரட்டினது நீங்கதானா?"

"மிரட்டல. கேட்டேன். பதிலை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

வாங்கிப் படித்தார். இரண்டு பக்கம். என் கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"'கண் மஞ்சளானதால், குடும்பச் சூழ்நிலை காரணமாக மருந்தைப் பீரோவில் பூட்டி வைக்க நேர்ந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. யார் பூட்டினா?"

"அதான் எழுதியிருக்கேனே."

"இல்லையே. குடும்பச் சூழ்நிலைக்குக் கை இருக்கா? அதுக்குப் பீரோவைப் பூட்டத் தெரியுமா?"

ஒரு சின்னப் பெண் என்னை இப்படிக் கேட்டதில் எனக்குக் காது சுட்டது. "நான்தான்" என்றேன்.

"எத்தனை நாள்?"

"ஒவ்வொரு தடவையும் பதினஞ்சு, இருபது."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "ஐயா, மருந்து ரத்தத்துல முழுசா இருந்தா அந்தக் கிருமி தலையைத் தூக்காது. சுத்தமா இல்லைன்னா அதுக்கு மருந்துன்னா என்னன்னே தெரியாது. கொஞ்சமா இருக்கறதுதான் ஆபத்து. மருந்து வடிஞ்சுக்கிட்டே போறப்போ, மிச்சம் இருக்கறதைப் பார்த்துப் பழகிக்கும். நீங்க நாலு தடவை உக்காரவெச்சுப் பழக்கிக் கொடுத்திருக்கீங்க. எதுக்கு? கண்ணு மஞ்சளா இருக்குன்னு! ஒண்ணும் ஆகாதுன்னு உங்க தம்பிகிட்ட நான் முதல் நாளே சொல்லலையா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு பேர் கேட்டா பதில் சொல்லவேண்டியவன் நான்."

"அவர் செத்துப்போனா அதே நாலு பேர் கேப்பாங்களே. அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

கோபம் இருந்தது, நிறைய இருந்தது. அதை வைக்க இடம்தான் இல்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அங்கேயே எழுதினேன். "என் தம்பியின் மருந்தை நான்கு முறை நான் பூட்டி வைத்தேன். அவன் ஒருநாளும் மறக்கவில்லை. மறந்ததாக அவன் சொன்னது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்." கீழே பெயர், வயது, முகவரி, தேதி.

அவர் கோப்பைத் திறந்து அந்த இரண்டு சொற்களையும் அடித்தார். மேலே "குடும்பத்தார் தடுத்தனர்" என்று எழுதப்போனார்.

"குடும்பத்தார் இல்லை" என்றேன். "அவன் மனைவி அப்பவே வேண்டாம்னு சொன்னா. மூத்த சகோதரன்னு எழுதுங்க."

நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். "தேர்வுக் குழுவுல வைக்கறேன். வாக்குறுதி கொடுக்க மாட்டேன். சேர்த்துக்கிட்டாலும் அந்த மாத்திரை கேக்கலாம், கேக்காமலும் போகலாம். தெரிஞ்சுக்கத்தான் சோதனை."

"தெரியும்" என்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. வணக்கம் மட்டும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. சேர்த்துக்கொள்கிறார்கள், ஒரு நிபந்தனை. இருபத்து நான்கு வாரம், தினமும் காலையில், எல்லா மாத்திரைகளையும் ஒருவர் பார்க்க விழுங்க வேண்டும். அந்த ஒருவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. நடந்து வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். மாத்திரைகளும் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். நோயாளியும் அவரும் கையெழுத்திட்ட படிவம் திங்கட்கிழமை நண்பகலுக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மாடிக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். படிக்கப் படிக்க ரத்தம் தலைக்கேறியது. "எங்க வீட்டு மாத்திரை ஊரான் வீட்டுலயா?"

"உங்க பீரோவைவிட ஊரான் வீடு பத்திரம்னு நெனச்சிருக்காங்க, மாமா" என்றாள் தம்பி மனைவி. ஆனால் இந்தமுறை குரலில் காரம் இல்லை. பயம் இருந்தது.

தம்பி கடிதத்தை வாங்கி மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். "வேண்டாம். நான் கையெழுத்துப் போடல."

"என்ன சொல்றீங்க?" என்றாள் அவள்.

"தெருவுல ஒருத்தருக்குத் தெரிஞ்சா பத்து நாள்ல மக வீட்டுக்குத் தெரியும். அவளை அங்க என்ன பாடு படுத்துவாங்களோ! கைக்குழந்தை வேற. நான் பாதியில நின்ன லிஃப்ட். மேலயும் போகல, கீழயும் வரல. எனக்காக அவ வாழ்க்கையையும் நிறுத்தச் சொல்றியா? ஊர் வாயில விழறதுக்கு இப்படியே போயிடலாம்."

அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தவை. ஊர் வாய், மகள் வாழ்க்கை, நாலு பேர். எட்டு வருடமாக வேளை தவறாமல் நான் அவனுக்குக் கொடுத்துவந்த மருந்து அது. அதில் மட்டும் ஒரு இடைவெளியும் விழவில்லை. அதுதான் அவன் உடம்பில் நன்றாக வேலை செய்திருக்கிறது. அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"யாரைக் கேக்கலாம், சொல்லு" என்றேன், அவளைப் பார்த்து.

அவள் தயங்கவில்லை. யோசித்து வைத்திருந்திருக்கிறாள். "மைக்கைக் கேளுங்க."

மைக் என்பது பட்டப்பெயர். என் நீதிமன்றத்தில் டவாலியாக இருந்தவன். வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்றுமுறை கூப்பிடுவான். தெருவுக்கு அந்தப் பக்கம் தேநீர் குடிப்பவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவான். ஓய்வு பெற்ற பிறகு எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் மனைவியோடு இருக்கிறான்.

"அவன்கிட்ட சொல்றதுக்குப் பதிலா சுவத்துல எழுதி ஒட்டிடலாமே!"

"முப்பது வருஷத்துல ஒருநாள்கூட லேட்டா வராத ஆள் அவர் ஒருத்தர்தான்னு நீங்கதான் சொல்வீங்க. எங்களுக்கு வேண்டியது அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனேன். வாசலில் ஸ்டூல் போட்டு, மேசை மின்விசிறியைப் பிரித்து இறக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், நீதிமன்றத்தில் நிற்பதுபோல.

"என்னங்க ஐயா, நீங்களே வந்துட்டீங்க! சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே." தெரு முழுக்கக் கேட்டது.

"உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"நீங்க நிக்கறப்போ நான் எப்படிங்க?"

உள்ளே இருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான். எப்படிச் சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் ஒரு வரிகூட வாயில் நிற்கவில்லை.

"என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்றேன்.

ஈர இறக்கை அவன் கையில் அப்படியே நின்றது. உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "மெதுவா பேசுங்க, ஐயா" என்றான். முப்பது வருடப் பழக்கத்தில் அவன் குரல் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. அது யாரோ ஒருவருடைய குரல்போல் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். மலேரியா பொய், பீரோ, நாலு தடவை, சோதனை, படிவம். அவன் கீழே பார்த்தபடியே கேட்டான்.

"மாத்திரை எங்க வீட்டுல இருக்கணுமா?"

"ஆமா."

"அதை நாங்க தொட்டா... வீட்டுல அவளும் இருக்கா..."

"மாத்திரையில நோய் இல்லைப்பா, மருந்துதான் இருக்கு!" என் குரல் உயர்ந்துவிட்டது. "தொட்டா வராது, பக்கத்துல உக்காந்தா வராது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. அவன் மனைவி எட்டு வருஷமா கூடவே இருக்கா, அவளுக்கு வரல. பயமா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் வேற ஆளைப் பார்க்கறேன்."

வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும். இறக்கையை ஒரு பழந்துணியில் பொறுமையாகத் துடைத்தான்.

"சரிங்க. தினமும் வரேன். வாசல்ல நின்னு பார்த்தாப் போதுங்களா, உள்ள வரணுமா?"

கிண்டலா, உண்மையான கேள்வியா என்று புரியவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏன் கேக்கறே?"

"உங்க வீட்டுக்குள்ள நான் வந்ததில்லையே. பாப்பா கல்யாணப் பத்திரிகையைக்கூட வாசல்ல வெச்சுத்தான் கொடுத்தீங்க. முறை தெரியாம உள்ள வந்துட்டேன்னு நாளைக்கு நீங்க சொல்லக் கூடாது பாருங்க. அதான் முன்கூட்டியே கேட்டுக்கறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. முப்பது வருடம் என் வாயிலிருந்து வந்த பெயர்களைக் கூப்பிட்டவன். அவன் பெயரைச் சொல்லி உள்ளே வா என்று நான் ஒருநாள் கூப்பிட்டதில்லை.

"உள்ள வரணும்" என்றேன். "அவனுக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காரணும். முழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லணும். அவன் ஏதாவது சாக்குச் சொன்னா விடக் கூடாது. யாரோ வராங்க, இன்னைக்கு மட்டும் வேண்டாம்னு நான் வந்து சொன்னா, அதைக் காதுலயே வாங்கக் கூடாது."

"உங்களையே எதிர்த்துப் பேசணுமா?"

"பேசணும்."

"சத்தமாவா?"

"எவ்வளவு சத்தமா வேணும்னாலும்."

முதல்முறையாகச் சிரித்தான். உடனே அடக்கிக்கொண்டான். "தினமும் காலையில உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா தெருவுல பார்ப்பாங்களே. என்னன்னு கேட்டா என்ன சொல்றது?"

அதற்கும் ஒரு பதில் கொண்டுவந்திருந்தேன். பேப்பர் படிக்க வருகிறான் என்று சொல்லலாம்; கண் மங்கிவிட்டது, எனக்குப் படித்துக்காட்ட வருகிறான் என்று சொல்லலாம். நல்ல பொய். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாக்கு நுனி வரை வந்தது. பீரோச் சாவியை இடுப்பில் சொருகும்போதும் இப்படித்தான் இருந்தது, நல்லதுக்குச் செய்வதுபோல.

"கேக்கறவனை என்கிட்ட அனுப்பு" என்றேன்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டா?"

"அவங்களை முதல்ல அனுப்பு."

அவன் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினான். மடியில் ஒரு பலகையை வைத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தினமும் ஆறு மணிக்கு வந்துடறேன். கதவைத் திறந்து வைங்க" என்றான். அதையும் மெதுவாகவே சொன்னான்.

மாடி ஏறியபோது தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். படிவத்தை அவன் எதிரில் வைத்தேன்.

"போடு."

கையெழுத்தைப் பார்த்தான். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா? பீரோவையுமா?"

"பீரோவையும்."

படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "நான் வேண்டாம்னுதானே சொன்னேன். மகளுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"இப்பவே போன் பண்றேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். இதுவரைக்கும் நீ எனக்காகச் சொன்ன பொய் போதும். அவ வீட்டுல எவனாவது அவளை ஒரு வார்த்தை கேட்டா, நான் நேர்ல போய் நிப்பேன். அங்க போட வேண்டிய சத்தத்தை இத்தனை நாள் உன்கிட்ட போட்டுட்டேன்."

"அண்ணே, ஒருவேளை அந்த மாத்திரையும் கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா கேக்கலை. சாப்பிட்டும் கேக்கலைன்னு எழுதட்டும். பூட்டி வெச்சதால கேக்கலைன்னு இனிமே எவனும் எழுதக் கூடாது. போடுடா!"

தம்பி மனைவி பேனாவை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. படிவத்தை அவள் வாங்கித் தன் தையல் மிஷின் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கேயே, அவர்கள் எதிரிலேயே, நின்றபடி மகளைக் கூப்பிட்டேன். மூன்றாம் மணியில் எடுத்தாள்.

"பெரியப்பா! என்ன, இந்த நேரத்துல?" பின்னால் குழந்தை ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"குழந்தையை யார்கிட்டயாவது கொடுத்துட்டுத் தனியா வந்து உக்காரும்மா" என்றேன். "நான் சொல்றதை முழுசாக் கேளு. அப்புறம் என்னைத் திட்டு. உங்க அப்பாவை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."